எந்த மேசை யாருக்கு: உணவகப் பில்லிங் மென்பொருளில் மேசைப் பங்கீடு

உணவகத்தின் பில்லிங் மென்பொருளில் ஒரு மேசைக்கு ஒரு பணியாளரின் பெயரை இடுவது பார்வைக்குச் சிறிய வேலைதான். மேசையின் படத்தைத் தொட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்துவிடும். ஆனால் சமையலறைச் சீட்டில் அச்சாவது அந்தப் பெயர். அன்றைய விற்பனையும் டிப்ஸும் கணக்காவது அந்தப் பெயரின் கீழ். பில்லிலிருந்து நீக்கப்பட்ட ஓர் உணவுக்கு விளக்கம் கேட்க மேலாளர் அழைப்பதும் அந்தப் பெயருக்கு உரியவரைத்தான். ஆகவே திரையில் இருக்கும் பெயரும் அந்த நேரத்தில் மேசையைக் கவனிக்கும் ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகவே.

தொடங்கும் முன் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பல மென்பொருள்களின் அமைப்புப் பக்கங்களில் 'சர்வர்' என்பது ஓரிடத்தில் பரிமாறுபவரையும் வேறோர் இடத்தில் தரவைச் சேமிக்கும் கணினியையும் குறிக்கும். 'சர்வரை மாற்று' என்னும் பொத்தானை அழுத்தத் தயங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், தயங்கியதில் தவறில்லை.

முதல் வேலை தள வரைபடம். வாசலில் நின்று பார்க்கும்போது இடப்பக்கம் தெரிவது திரையிலும் இடப்பக்கமே இருக்கும்படி அதை வரைய வேண்டும். மேசைகளுக்கு 1 முதல் தொடர்ச்சியாக எண் இடுவதைவிட, சன்னலோரத்துக்கு 11 முதல், நடுக்கூடத்துக்கு 21 முதல், பின்பகுதிக்கு 31 முதல் என்று பகுதிக்கு ஒரு வரிசையை ஒதுக்குவது நல்லது; பின்னாளில் ஒரு மேசை கூடினாலும் வரிசை கலையாது, எண்ணைக் கேட்டவுடனே பகுதியும் விளங்கிவிடும். நாற்காலிகளுக்கும் எண் வேண்டும். வாசலுக்கு மிக அருகில் இருப்பதை 1 என்று வைத்துக் கடிகாரச் சுற்றில் எண்ணுவது என்ற ஒரே விதியை எல்லா மேசைகளுக்கும் வகுத்துவிட்டால், ஆர்டர் எடுத்தவர் ஒருவர், தட்டை ஏந்தி வருபவர் இன்னொருவர் என்றாலும், "இது யாருக்கு?" என்று விருந்தினரைக் கேட்க நேராது.

அடுத்தது பிரிவுகளை, அதாவது ஒரு பரிமாறுபவர் கவனிக்கும் மேசைத் தொகுதிகளை, வகுத்தல். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், ஏனெனில் மேசைகளை எண்ணிப் பங்கிடுகிறார்கள். எண்ண வேண்டியது நாற்காலிகளை. 18 மேசைகளும் 3 பரிமாறுபவர்களும் உள்ள ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். சன்னலோரத்தில் இருவர் அமரும் மேசைகள் 6. நடுவில் நால்வர் அமரும் மேசைகள் 6. பின்பகுதியில் நால்வர் மேசைகள் 4, அறுவர் மேசைகள் 2. ஆளுக்கு 6 மேசை என்று பிரித்தால் முதல்வருக்கு 12 நாற்காலி, இரண்டாமவருக்கு 24, மூன்றாமவருக்கு 28 என்று வரும். மூன்றாமவர் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல்வர் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பார். நடுவிலுள்ள இரண்டு மேசைகளைச் சன்னலோரத்தாரிடமும், பின்பகுதியின் அறுவர் மேசை ஒன்றை நடுவிலிருப்பவரிடமும் மாற்றிக் கொடுத்தால் கணக்கு 20, 22, 22 என்று ஆகிவிடுகிறது. மேசை எண்ணிக்கை 8, 5, 5 என்று ஏறுமாறாகத் தெரியலாம். அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

நாற்காலிக் கணக்கும் முழுமையானதன்று. சமையலறையிலிருந்து தொலைவில் இருக்கும் பிரிவில் நடை அதிகம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில நாள்கள் குறைவாகக் கொடுக்க வேண்டும். பெரிய குழு முன்பதிவு செய்திருந்தால் அந்த வேளைக்கு மட்டும் அவர்களைக் கவனிப்பவரின் பிற மேசைகளை அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். இவற்றை எந்த மென்பொருளும் தானாக அறியாது. ஆனால் ஒருமுறை யோசித்து வகுத்ததைச் சேமித்துவைக்கும் வசதி பலவற்றில் உண்டு: இருவர் பணியில் இருக்கும் நாளுக்கு ஒன்று, மூவருக்கு ஒன்று, நால்வருக்கு ஒன்று என்று முன்கூட்டியே அமைத்துவைத்தால், ஒருவர் திடீரென விடுப்பு எடுக்கும் நாளில் திரையைத் தொட்டு மாற்றினால் போதும். (தொடுதிரையில் ஆர்டர் எடுப்பது ஒன்றும் நேற்றைய புதுமை அன்று, ஜீன் மோஷர் உருவாக்கிய வியூடச் என்னும் உணவக மென்பொருள் 1986இலேயே வண்ணத் தொடுதிரையுடன் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. திரைகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன; யாருக்கு எத்தனை நாற்காலி என்பதை இன்றும் ஒரு மனிதர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.)

பிரிவுகள் முடிவானதும் ஒவ்வொருவருக்கும் தனிப் பின் எண் (PIN, மென்பொருளைத் திறக்கும் இரகசிய எண்) கொடுத்து, அவரவர் மேசைகளை மட்டும் அவரவர் திறக்கும்படி அனுமதியை அமையுங்கள். அடுத்தவர் மேசையைப் பார்க்கலாம், தண்ணீர் கொண்டுபோய் வைக்கலாம், ஆனால் அதன் பில்லில் கை வைக்கக் கூடாது என்பது சரியான எல்லை. அவசரத்துக்கு உதவும் என்று எல்லாரும் ஒரே பின் எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கினால், அதற்குப் பிறகு பங்கீடு என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது.

வாசலில் விருந்தினரை அமரவைப்பவரின் திரையில் மேசைகளின் நிலை நிறங்களாகத் தெரியும்: காலி, அமர்ந்தாயிற்று, ஆர்டர் போயிற்று, பில் அச்சாயிற்று, துடைக்க வேண்டும். பிரிவுகளுக்குச் சுற்றுமுறையில் ஆள் அனுப்பும்போது, எத்தனை மேசை கொடுத்தோம் என்பதைவிட எத்தனை பேரை அமரவைத்தோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரே பிரிவில் அடுத்தடுத்து இரண்டு மேசைகளை நிரப்பினால், இரண்டாவது மேசைக்காரர்கள் யாரும் வந்து கேட்கவில்லையே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் மேசையின் ஆர்டர் சமையலறைக்குப் போனது திரையில் தெரிந்த பிறகு அடுத்ததை நிரப்புவதே நல்லது.

எல்லாவற்றிலும் கவனம் மிகுதியாகத் தேவைப்படுவது ஷிப்ட் மாறும் நேரம். நான் முன்பு பணியாற்றிய ஓர் உணவகத்தில், பகல் ஷிப்டில் இருந்த ஒருவர் 24ஆம் மேசையின் முதன்மை உணவுகளைப் பரிமாறிவிட்டு, வாய்மொழியாக அடுத்தவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். திரையில் பெயரை மாற்றவில்லை. பிறகு வந்தவர் தம் பின் எண்ணால் அந்த மேசையைத் திறக்க முடியாமல், அதே மேசைக்குப் புதிதாக ஒரு பில்லைத் தொடங்கி இனிப்புகளை அதில் ஏற்றினார். சமையலறையில் இனிப்பு தயாரானபோது மேசை எண் ஒன்றாகவும் பெயர்கள் இரண்டாகவும் இருந்தன; விருந்தினர் கைக்குப் போன பில்லில் இனிப்பே இல்லை. நல்லவேளையாக அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. திறந்த பில் ஒன்று இருக்கும்வரை பணிமுடிவைப் பதிவு செய்ய விடாத அமைப்பு உங்கள் மென்பொருளில் இருந்தால், அதை முதலில் இயக்குங்கள். கிளம்புபவரும் வருபவரும் சேர்ந்து மேசை மேசையாக நடந்து, விருந்தினரிடம் புதியவரை அறிமுகப்படுத்தி, அங்கேயே கைக்கருவியில் (ஆர்டர் எடுக்கக் கையில் கொண்டுசெல்லும் சிறு திரையில்) மேசையை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றத்தைப் பெறுபவர் தம் பின் எண்ணால் ஒப்புக்கொள்ளும் முறை இருந்தால் இன்னும் நல்லது. டிப்ஸ் எவ்வாறு பிரியும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைக்க வேண்டும்; பல மென்பொருள்களில் பில்லை மூடுபவர் பெயரிலேயே முழுத்தொகையும் சேர்ந்துவிடும் என்பதால், உணவு முழுவதையும் பரிமாறியவர் கடைசி நேரத்தில் மேசையைக் கைமாற்றத் தயங்குவது இயல்பு.

மேசைகளைச் சேர்ப்பதற்கு ஒரு விதி போதும்: சிறிய எண்ணே நிலைக்கும், அந்த எண்ணுக்கு உரியவரே முழுக் குழுவையும் கவனிப்பார். விருந்தினர் இடம் மாறி அமர்ந்தால் பில்லையும் உடனே நகர்த்த வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் உணவு பழைய மேசைக்குப் போய்த் திரும்பி வரும்.

இணைப்பு அறுந்துபோகும் நேரத்தில் கைக்கருவிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இயங்கக்கூடும். ஒரே மேசையை இருவர் இரு கருவிகளில் திறந்துவிட்டால் இணைப்பு மீண்டதும் இரட்டைப் பில் நிற்கும். அப்படிப்பட்ட நேரங்களில் ஒரு மேசைக்கு ஒரு கருவி என்ற கட்டுப்பாடு வேண்டும். அன்றைய பங்கீட்டைக் காலையிலேயே ஒரு தாளில் அச்சிட்டுச் சமையலறை வாயிலில் ஒட்டிவைத்தால், திரை இருண்டாலும் யாரை அழைப்பது என்ற கேள்வி எழாது.

வாரத்துக்கு ஒருமுறை பணியாளர்வாரியான அறிக்கையை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பரிமாறினார், அமர்ந்ததிலிருந்து பில் வரை எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை நீக்கங்கள் நடந்தன என்று பாருங்கள். ஒருவரின் சராசரி பில் தொகை குறைவாக இருப்பதை மட்டும் வைத்து அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் பிரிவில் இருவர் மேசைகளே அதிகமாக இருக்கலாம். பிரிவுகளைச் சுழற்சியில் மாற்றிக் கொடுத்து, ஒரே பிரிவில் வெவ்வேறு ஆள்கள் பணியாற்றிய நாள்களை ஒப்பிட்டால்தான் குறை ஆளிடமா பங்கீட்டிலா என்பது தெரியும்.