புஷ் செய்யும்போது டோக்கன் எங்கே போய் உட்காருகிறது?

காட்பாடி, பாகாயம் பக்கத்துக் கல்லூரி லேப்களில் புராஜெக்ட் நேரத்தில் கேட்கும் புலம்பல் இது: "பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், புஷ் ஆக மாட்டேங்குது." பாஸ்வேர்டு சரிதான். ஆனால் கோடைச் சேமிக்கும் தளமான கிட்ஹப், புஷ்ஷுக்கு, அதாவது நம் கணினியிலிருந்து கோடை அங்கே ஏற்றுவதற்கு, 2021 ஆகஸ்ட் 13 முதல் கணக்குப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. அந்த இடத்தில் பர்சனல் ஆக்சஸ் டோக்கனை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக கிட்ஹப்பில் உருவாக்கிக்கொள்ளும் ரகசிய எழுத்துச் சரத்தை, ஒட்ட வேண்டும். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டோக்கன் வாங்கியதும், ஒவ்வொரு முறையும் ஒட்டச் சோம்பல்பட்டு ரிமோட் முகவரிக்குள்ளேயே, அதாவது கோடு போய்ச் சேரும் கிட்ஹப் முகவரிக்குள்ளேயே, அதை எழுதிவிடுவார்கள். புராஜெக்டுக்குள் இருக்கும் டாட் கிட் ஃபோல்டரின் கான்ஃபிக் கோப்பில் அது அப்படியே கிடக்கும். 'கிட் ரிமோட் -வி' அடித்தாலே திரையில் வந்துவிடும். ஃபோல்டரை ஜிப் செய்து பென்டிரைவில் நண்பருக்குக் கொடுத்தால் டோக்கனும் கூடவே போகும். லாகினை நினைவில் வைக்கும் கிரெடென்ஷியல் ஹெல்பர் அமைப்பை 'ஸ்டோர்' என்று வைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். அதுவும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில்தான் சேமிக்கிறது. சொந்த லேப்டாப் என்றால், லாகினை விண்டோஸின் பாதுகாப்பான பெட்டகத்தில் வைக்கும் கிட் கிரெடென்ஷியல் மேனேஜரே போதும்.

லேப் கம்ப்யூட்டரில் அதுவே தொல்லை. எல்லாரும் ஒரே விண்டோஸ் லாகினில் உட்காருவதால், முந்தைய பேட்ச் மாணவரின் லாகின் அங்கேயே இருக்கும். நீங்கள் புஷ் செய்தால் 'அனுமதி இல்லை' என்னும் 403 பிழை வரும், அதில் வேறு யாரோ ஒருவரின் பெயர். உடனே பலர் 'யூசர் டாட் நேம்' அமைப்பை மாற்றிப் பார்க்கிறார்கள். அது கமிட்டில், அதாவது சேமித்த ஒவ்வொரு மாற்றப் பதிவிலும், அச்சாகும் பெயர் மட்டுமே, லாகினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து கிட்ஹப் பதிவை நீக்குங்கள். எழுந்து போகும்போது உங்களுடையதையும் அப்படியே நீக்கிவிடுங்கள்.

டோக்கனுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவி (ஜோடியாக உருவாகும் இரு கோப்புகள்) வைத்திருந்தும், எஸ்எஸ்எச் வழக்கமாகப் போகும் 22-ஆம் போர்ட் ஹாஸ்டல் வைஃபையில் அடைபட்டிருந்தால், எஸ்எஸ்எச் டாட் கிட்ஹப் டாட் காம் வழியாக 443-இல் போகலாம். கிட்ஹப்பில் ஏற்றுவது அந்த ஜோடியில் 'பப்' என்று முடியும் பொதுச் சாவிக் கோப்பை மட்டுமே.

பெரிய தவறு, டோக்கன் இருக்கும் டாட் என்வ் கோப்பையே (புராஜெக்டின் ரகசிய அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) புஷ் செய்துவிடுவது. அப்புறம் அதை கிட்இக்னோரில், அதாவது கிட் விட்டுவிட வேண்டிய கோப்புகளின் பட்டியலில், சேர்த்தாலும் பயனில்லை, ஏற்கெனவே கமிட்டான கோப்பை அது தடுக்காது. கோப்பை அழித்துப் புதிதாகக் கமிட் செய்தாலும் பழைய கமிட்டில் டோக்கன் இருக்கும். ரெப்போவை, அதாவது கிட்ஹப்பில் உள்ள புராஜெக்டை, பிரைவேட் ஆக்குவதும் தாமதம்தான். அதற்குள் யார் எடுத்தார் என்று தெரியாது. முதலில் டோக்கனை ரத்து செய்யுங்கள். பழைய கமிட்களின் ஹிஸ்டரியை கிட் ஃபில்டர்-ரெப்போ என்னும் கருவி கொண்டு சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. புதிய டோக்கனுக்கு அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், புராஜெக்ட் முடியும் தேதியைக் காலாவதியாக வையுங்கள்.