மொரிஸ் மைனர் பிரேக்கில் காற்று எடுத்தும் பெடல் ஏறவில்லையா?

என் 1959 மொரிஸ் மைனருக்கு நாலு சில்லுக்கும் சிலிண்டர் ரப்பர் புதிதாகப் போட்டேன். மருமகன் பெடலை மிதிக்க, ஒரு ஞாயிறு முழுக்கப் பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுத்தேன். ஒன்றரைப் போத்தல் பிரேக் ஒயில் முடிந்தும் பெடல் தரைக்கே போனது. கடைசியில் பார்த்தால் உள்ளே காற்றே இல்லை. சில்லோடு சுற்றும் ட்ரம்மைத் திருப்பிப் பூட்டியபோது, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவை இறுக்க மறந்திருந்தேன்.

ஆகவே நிப்பிளை, அதாவது காற்றை வெளியே விடத் திறக்கும் சிறு திருகை, தொடமுன் பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று மிதியில் கல்லு மாதிரி நின்றால் பெரும்பாலும் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளிதான். ஏறிய பிறகும் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று, அல்லது ஊதிப்போன பழைய ரப்பர் ஹோஸ். அமத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்ல இறங்கினால், வெளியில் கசிவும் இல்லையென்றால், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அதற்கு எத்தனை போத்தல் ஊற்றினாலும் பயனில்லை.

ஷூ இறுக்க, சில்லைக் கழற்றி ட்ரம் ஓட்டைக்குள் திருப்புளியை விட்டு, உள்ளேயுள்ள இறுக்கும் திருகை ட்ரம் சுற்றாத அளவுக்குத் திருப்பி, ஒரு பல் பின்வாங்குங்கள். பின்பக்கம் ஒரு திருகுதான்; முன்பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு. அந்த இரண்டாவதைத்தான் பலர் மறப்பது. காற்று எடுக்கும்போது எல்லாவற்றையும் முழுக்க இறுக்கி வைத்திருந்தால் வேலை சுலபம். முடிந்த பிறகு தளர்த்தலாம்.

ஒயில் ஊற்றும் மூடி சாரதியின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. எங்கள் ஊர் மணல் உள்ளே விழாமல் முதலில் பிரஷ்ஷால் துடையுங்கள். ஆறேழு மிதிக்கு ஒருக்கால் ஒயில் மட்டம் பாருங்கள். ஒருமுறை வற்றினால் தொடக்கத்திலிருந்துதான். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். நிப்பிளை அதிகம் திறந்தால் புரிவழியே காற்று இழுத்து, குமிழி நிற்காத மாதிரித் தெரியும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். பழைய சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடம் துருப்பிடித்திருக்கும். தரைவரை மிதித்தால் நல்ல ரப்பரும் அங்கே கிழியும்.

காலை எடுத்தும் சில்லு விடாமல் பிடிக்கிறதா? நிப்பிளைத் திறந்ததும் ஒயில் பீறிட்டுச் சில்லு சுற்றினால், அந்த ஒன்று மட்டும் என்றால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. நாலும் பிடித்தால் பெடல் தண்டுக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா, மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். பெற்றோல் தடைக்காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது, எஞ்சின் தாங்கிக்கொண்டது. பிரேக் ரப்பர் தாங்காது, ஊதிவிடும். பிரேக் ஒயிலாலேயே கழுவுங்கள். அது பெயின்ற்றில் சிந்தினால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.