பரம்பரைப் புற்றுநோயைக் கண்டறிவதில் நேரும் தவறுகள்

மும்பை பரேலுக்குச் சிகிச்சைக்காக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தியிலிருந்து மொழிபெயர்த்து உதவும்போது, "வீட்டில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பதிலையே பெரும்பாலும் கேட்கிறேன். அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. தாராவியிலிருந்து வந்த, பெருங்குடல் புற்றுநோயுள்ள 38 வயதுப் பெண்மணியும் அப்படித்தான் சொன்னார். யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து, திருநெல்வேலியிலுள்ள அத்தையைக் கைபேசியில் அழைத்த பிறகுதான், அப்பாவைப் பெற்ற ஆச்சிக்குப் 'பெரும்பாடு' என்று கர்ப்பப்பையை எடுத்தும் அவர் பிழைக்கவில்லை என்பதும், சித்தப்பா 45 வயதில் 'வயிற்றுக் கட்டி'யால் இறந்தார் என்பதும் தெரியவந்தன. பெருங்குடலும் கர்ப்பப்பையும் ஒரே வம்சத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டால், லிஞ்ச் சிண்ட்ரோமை, அதாவது இந்தப் புற்றுநோய்களுக்கான ஆபத்தைக் கூட்டும் பரம்பரை மரபணுப் பிழையை, நினைத்தே ஆக வேண்டும்.

கர்ப்பப்பை, மார்பகப் புற்றுநோய் என்றால் தாய்வழியை மட்டும் விசாரிப்பதும் தவறு. நோயே வராத அப்பாவும் லிஞ்ச் பிழையையோ, மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுப் பிழையையோ மகளுக்குக் கடத்தக்கூடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு.

மரபணுச் சோதனையை நோயாளியை விட்டுவிட்டு, நலமாக இருக்கும் தங்கையிடம் தொடங்கக் கூடாது. குடும்பத்தில் ஓடும் பிழை எதுவென்று தெரியாத நிலையில், தங்கைக்கு 'இல்லை' என்று வரும் அறிக்கையை நம்பி நிம்மதியடைய முடியாது. அறிக்கையில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்றிருந்தால், அதை நோய்க்கான சான்றாகக் கொண்டு கர்ப்பப்பையையோ சினைப்பையையோ அகற்றக் கூடாது; அத்தகைய மாற்றங்களில் பல, பின்னாளில் தீங்கற்றவை என்று தெளிவாகின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தில் கொடையாளியின் மரபணுவே தென்படும் என்பதால், அவருக்குத் தோலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

நம்மவர்களிடம் தவறாமல் கேட்க வேண்டியது, தாய்மாமனையோ அத்தை, மாமன் பிள்ளைகளையோ மணந்திருக்கிறார்களா என்பது. உறவுக்குள் மணந்த இருவரும் ஒரே லிஞ்ச் பிழையைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பக்கத்திலிருந்தும் அது வந்து சேர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. அத்தகைய குழந்தைக்கு மூளைக் கட்டியோ இரத்தப் புற்றுநோயோ சிறுவயதிலேயே வரக்கூடும். அக்குழந்தையின் உடலில் காணும் பால்காபி நிறத் திட்டுகளைப் பார்த்து, நியூரோஃபைப்ரோமடோசிஸ் (நரம்புகளில் கட்டிகளை உண்டாக்கும் வேறொரு மரபணு நோய்) என்று தவறாக முடிவுகட்டிவிடுவதும் உண்டு. திட்டுகளுள்ள குழந்தைக்குப் புற்றுநோயும் வந்து, பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களாகவும் இருந்தால், அந்த முடிவை மறுபடி சோதித்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.