எத்தனால் கரும்பின் பசுமை இல்ல வாயுவைக் கணக்கிடும் முறை
குடியாத்தம், காட்பாடிப் பக்கத்தில் எத்தனாலுக்கெனக் கரும்பு வளர்ப்பவர்கள், அந்த எரிபொருளைத் தூய்மையானது என ஏற்பதற்கு முன், தங்கள் வயலிலிருந்து வெளியேறும் பசுமை இல்ல வாயுவைக் கணக்கிட வேண்டும். முதலில் உரம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) உள்ளது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டுதலின்படி அதில் 1 விழுக்காடு நேரடியாக நைட்ரஸ் ஆக்சைடாகிறது எனக் கொண்டு, தழைச்சத்தின் எடையை அவ்வாயுவின் எடையாக மாற்ற 44/28 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.325 கிலோ வரும்; நூறாண்டுக் கணக்கில் அவ்வாயு கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டுவதால், ஒரே மூட்டை 89 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகிறது. யூரியா மண்ணில் சிதைகையில் வெளியாகும் 33 கிலோ கரியமில வாயுவையும் மறவாமல் சேருங்கள். பாலாற்றுப் படுகைக் கிணற்றில் டீசல் எஞ்சின் ஓடினால், லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலைகளை, கொளுத்தினால் மீத்தேனும் கூடும் என்பதால், அதைப் பார்களுக்கிடையே (கரும்பு வரிசைகளுக்கிடையே) மூடாக்காகப் பரப்புமாறு வலியுறுத்துகிறேன்.