ரைஃபிள் கேஸுக்கு எந்த சைஸிங் டை?

சுட்டதும் விரிந்துபோகும் பித்தளை கேஸை (தோட்டாவின் கூடு) மறுபடி நிரப்பிச் சுட, அதைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சுதான் சைஸிங் டை. ஒரே ஒரு டைதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கேஸ் முழுவதையும் இறுக்கும் ஃபுல் லெங்த் டையை வாங்குங்கள். கழுத்தை மட்டும் இறுக்கும் நெக் டை பித்தளையை அதிகம் அலைக்கழிக்காது, உண்மைதான். ஆனால் சில முறை சுட்டபின் கேஸின் உடலும் தோளும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) சேம்பரை, அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை, அடைத்துக்கொள்ளும். போல்ட்டை மூடவே மல்லுக்கட்ட வேண்டிவரும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவுக்கு நெக் டை வேண்டவே வேண்டாம். அதில் ஃபுல் லெங்த் செய்தும் தோட்டா சிக்கினால்தான், அடிப்பாகத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கும் ஸ்மால் பேஸ் டையைத் தேட வேண்டும்.

டையை விட முக்கியம், அதை எவ்வளவு இறக்குகிறோம் என்பது. சுட்ட கேஸின் தோள் அளவை கம்பரேட்டரில் (அடியிலிருந்து தோள் வரை அளக்கும் கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். கையால் போல்ட்டை இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம், செமி ஆட்டோவுக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் தோளைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளிக்கொண்டே போனால், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒருநாள் கேஸ் இரண்டாகப் பிரியும்.

புஷ்ஷிங் டை (கழுத்தை இறுக்கும் வளையத்தை, அதாவது புஷ்ஷிங்கை, மாற்றிக்கொள்ளும் டை) என்றால், குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை அளந்து 0.002 அங்குலம் கழியுங்கள். 0.336 வந்தால் 0.334 புஷ்ஷிங். கழுத்தின் தடிமன் சீராக இல்லாத கேஸ்களுக்கு இது வீண்செலவு. அந்த ஏற்றத்தாழ்வு கழுத்தின் உட்புறம் போய்விடும்.

லூப் (கேஸில் பூசும் மசகு) குறைந்தால் கேஸ் டைக்குள் மாட்டிக்கொள்ளும். கூடினால் தோளில் பள்ளம் விழும்.