கழிவு எண்ணெயால் தாரை இளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சாலையிலிருந்து சுரண்டி எடுத்த கலவையில் இருக்கும் தார், பல ஆண்டுகள் காற்றும் வெயிலும் பட்டு இறுகிப்போனது. பொரித்து ஒதுக்கிய சமையல் எண்ணெயையோ, வடித்தெடுத்த எஞ்சின் ஆயிலையோ சேர்த்து அதை இளக்கலாம். ஆனால் இளகிவிட்டதாலேயே தார் பழைய தன்மைக்குத் திரும்பிவிட்டது என்று எண்ணுவதுதான் முதல் தவறு.

ஊடுருவல் சோதனையில், 100 கிராம் எடை தாங்கிய ஊசி 25 பாகை செல்சியசில் 5 விநாடிக்குள் 3 மில்லிமீட்டர் இறங்கிய தார், எண்ணெய் கலந்தபின் 6 மில்லிமீட்டர் இறங்கினால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட ஊடுருவல் அளவு 30இலிருந்து 60 ஆகிவிடும். கொதிக்கும் கோடைப் பரப்பில் சக்கரத்தடம் பள்ளமாகுமா, மழைநீரில் தார் கல்லை விட்டு உரியுமா என்பதை அந்த எண் சொல்லாது. அவற்றுக்குத் தனிச் சோதனைகள் தேவை.

எல்லாக் கழிவு எண்ணெயும் ஒன்றுதான் என்று கருதுவது அடுத்த தவறு. பொரித்த எண்ணெயில் நீரும் உணவுத் துகள்களும் தங்கியிருக்கும். திரும்பத் திரும்பச் சூடேறியதால் கட்டற்ற கொழுப்பு அமிலமும் கூடியிருக்கும். எண்ணெயின் அமிலத்தன்மையைக் காட்டும் ‘அமில எண்’ என்ற அளவைப் பார்க்காமல் கலப்பது கல்லோடு தாருக்குள்ள பிடிப்பைப் பலவீனப்படுத்தலாம். வடிகட்டி நீர் நீக்காத எண்ணெயை 150 பாகையில் இருக்கும் தாரில் ஊற்றினால், அந்த நீர் சட்டென்று ஆவியாகி, நுரை கொதிகலத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கும். அருகில் நிற்பவரின் கை வெந்துபோகும். எஞ்சின் ஆயிலின் சிக்கல் வேறு: அதில் தேய்ந்த உலோகத் துகள்களும் சேர்க்கைப் பொருள்களின் எச்சமும் இருக்கும், அதன் மெழுகு போன்ற பாரஃபின் தன்மை, தாரின் கனமான, கடினமான கூறுகளான அஸ்ஃபால்டீன்களைக் கரைத்து வைத்திருக்க உதவாததால், பின்னாளில் விரிசலுக்கு இடம் தரலாம்.

அளவில் நேரும் பிழை அற்பமாகத் தெரிந்தாலும் மிக மோசமானது. எண்ணெய் 4 விழுக்காடு என்றால் அது தாரின் எடையில்தான், கலவையின் எடையில் அன்று. தார் 5 விழுக்காடு உள்ள ஒரு டன் கலவையில் தாரின் எடை 50 கிலோ. சேர்க்க வேண்டிய எண்ணெய் 2 கிலோ. கணக்கு மாறினால் 40 கிலோ போய்விடும்.

புதிதாகக் கலந்த தாரை மட்டும் சோதித்துவிட்டு நிறைவடைவதும் கூடாது. தாரை மெல்லிய படலமாகச் சுழற்றி 163 பாகையில் 85 நிமிடம் சூடாக்கும் சுழலும் மென்படலச் சோதனையில் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எண்ணெயின் இலேசான பகுதி ஆவியாகிப் போகிறதா என்பது தெரியும். அதன் பிறகு உயர் அழுத்தக் காற்றில் சூடாக்கும் அழுத்தக் கலத்தில் 20 மணி நேரம் முதுமைப்படுத்திய மாதிரியையும் அளக்க வேண்டும். புதிய பீப்பாய்க் குவியல் வரும்போதெல்லாம் எண்ணெயின் அமில எண்ணும் நீரளவும் புதிதாகப் பார்க்கப்பட வேண்டும்.