டிஃப் ஒயில் மாற்றப் போகிறீர்களா? மேல் நட்டை முதலில் கழற்றுங்கள்

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரிப் பின்சக்கரத்தில் ஓடும் காருக்கு டிஃபரன்ஷியல் (என்ஜின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்) ஒயில் மாற்றும்போது, ஒயிலை வடிக்கும் கீழ் நட்டில் கை வைக்க முன் ஒயில் ஊற்றும் மேல் நட்டைக் கழற்றிப் பாருங்கள். மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற கார்களில் அந்த நட் துருவேறி இறுகியிருக்கும். ஒயிலை வடித்த பிறகு அது வரமாட்டேன் என்றால் புது ஒயில் ஊற்ற வழியில்லை. பின்சக்கரம் சுழன்றால் உள்ளே பற்கள் காய்ந்து தேயும் என்பதால் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போகவும் ஏலாது.

மேல் நட் இளகிவிட்டதா, சரி, லேசாக முடுக்கிவிட்டு ஆரையம்பதி வரை ஒருதரம் ஓடிவிட்டு வாருங்கள். சூடான ஒயில் தண்ணீர் போல இறங்கும். (பழைய சாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், இந்த ஒயிலின் கந்தக நாற்றம் துவைத்தாலும் போகாது.) கீழ் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, இரும்புத் துண்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஊற்றும்போது கார் மட்டமாக நிற்கட்டும், மேல் துளையால் வழியத் தொடங்கியதும் போதும்.

கீழ் நட்டே இல்லாத டிஃபரன்ஷியலுக்கு இது பொருந்தாது. அதில் மூடியைக் கழற்ற வேண்டும், அல்லது மேல் துளையால் உறிஞ்சி எடுக்க வேண்டும். முன்சக்கரத்தில் ஓடும் கார்களுக்கும் இது பொருந்தாது, அவற்றில் டிஃபரன்ஷியல் கியர்பொக்ஸோடு சேர்ந்தே இருக்கும்.